'நான் போறேன்' என்று எழுதியிருந்த பட்டன்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை மதியம், திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் உள்ள ஒரு சாயப்பட்டறையில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது என்னிடம் பணிவாக "சரிங்க" என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது. சொல்பவர் மேல் தப்பு இல்லை. அந்தச் சொல்லின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவர்கள். நான் படித்ததெல்லாம் திருப்பூரில்தான். இருந்தும் இந்த ஊரின் மரியாதைப் பேச்சு எனக்கு வரவே இல்லை. முடியாது என்றால் முடியாது என்பேன். இங்கே அதையே "பார்க்கலாமுங்க" என்பார்கள். "உனக்கு வாய்தான் எதிரி" என்று அம்மா சொல்வாள். இருக்கட்டும்.

அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மிஷின்களில் மாட்டியிருக்கும் சென்சார் எல்லாம் என் பொறுப்பு. கொதிகலனில் அழுத்தம் குறைந்தாலோ, ஒரு பம்ப் நின்றாலோ உடனே ஃபோனுக்குத் தகவல் அனுப்பும் ஒரு சாஃப்ட்வேரை அவர்கள் வெளியூர் கம்பெனி ஒன்றிடம் மாத வாடகைக்கு வாங்கியிருந்தார்கள். எத்தனை பேருக்கு ஃபோன் அடிக்க வேண்டுமோ அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஆர்டர் குறைந்தது. முதலில் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், பிறகு மொத்தமாகவே நிறுத்தினார்கள். "வேற வழி இருந்தா பாரு அம்மிணி" என்றார் முதலாளி.

வழி இருந்தது. ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு வகை உண்டு. எழுதியவர்கள் உள்ளே இருக்கும் நிரல் வரிகள் அத்தனையையும் திறந்து வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தன் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. அப்படி இரண்டு சாஃப்ட்வேரை எடுத்தேன். ஒன்று எல்லாவற்றையும் கண்காணிக்கும். இன்னொன்று ஆட்களைக் கூப்பிடும். அக்கவுண்ட்ஸில் தூக்கிப் போட இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இரண்டையும் ஓட்டினேன். சென்சார்கள் கடையில் சல்லிசாகக் கிடைத்தன. வாடகைக்கு வாங்கியது என்னவெல்லாம் செய்ததோ அதையெல்லாம் இதுவும் செய்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நன்றாக ஓடியது.

முக்கியமான சென்சார் கழிவுநீர்த் தொட்டியில் இருந்தது. துணிக்குச் சாயம் போட்ட தண்ணீர் எல்லாம் முதலில் அந்தத் தொட்டிக்குத்தான் வரும். அங்கிருந்து பம்ப் அதைச் சுத்திகரிப்புக்கு அனுப்பும். பம்ப் நின்று, மிஷின்கள் மட்டும் ஓடினால் தொட்டி வழியும். வழிந்தால் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அக்காவின் தோட்டம்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புருஷன் இல்லை. நான்கைந்து காங்கேயம் மாடு, கொஞ்சம் தென்னை, ஒரு கிணறு. சுற்றி எல்லாருடைய போர்வெல்லும் உப்புக் கரித்தபோதும் அந்தக் கிணறு மட்டும் இனித்தது. பட்டறையில் நாங்கள் குடித்ததே அந்தத் தண்ணீரைத்தான். முதலாளிக்கு அவர் ஒறம்பரை, அதாவது சொந்தம். பட்டறை நிற்கும் இடமே அவர் மாமனார் விற்றதுதான்.

தொட்டியிலிருந்து ஆபீசுக்கு சிக்னல் எட்டவில்லை. நடுவில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற இடம் அக்காவின் மோட்டார் ரூம்தான். தயங்கித்தான் கேட்டேன்.

"வெச்சுக்க கண்ணு, இதுக்குப் போயி கேக்கோணுமா? அது என்னத்துக்கு?" என்றார்.

"தொட்டி வழியப் போச்சுன்னா சொல்லும்க்கா. உங்க கிணத்துக்குத்தான் காவல்."

"அப்ப அதுக்குத் தெனம் ஒரு டம்ளர் மோர் ஊத்தறேன்" என்று சிரித்தார். தன் கரண்டிலேயே ஒரு ப்ளக்கும் கொடுத்தார். "அந்த ஃபோன் எனக்கும் அடிக்குமா?" என்று கேட்டார். அடிக்க வைக்கிறேன் என்றேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "வெளி ஆளுக்கு எதுக்குங்க? நம்ம தொட்டி நெறையறது ஊருக்கெல்லாம் தெரியோணுமா?" என்றார். யாருடைய கிணறோ அவர் வெளி ஆள்.

இப்போது பட்டன் விஷயத்துக்கு வருகிறேன்.

தொட்டி நிறைந்தால் மேனேஜர், கழிவுநீர் பம்பைப் பார்க்கும் ஆப்பரேட்டர், செக்‌ஷன் ஆட்கள் எல்லாருடைய ஃபோனும் ஒரே சமயத்தில் சைரன் போலக் கத்தும். திரையில் ஒரு பட்டன் வரும். ஒருவர் அதை அழுத்தியதும் எல்லாருக்கும் சத்தம் நின்றுவிடும். ஆள் கிடைத்துவிட்டார், இனி மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அர்த்தம். யாருமே அழுத்தாவிட்டால் கொஞ்ச நேரம் பொறுத்து முதலாளிக்கு அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் எனக்கு. யார் யார் அழுத்தினார்கள் என்பது முதலாளி, நான் உட்பட எல்லாருடைய ஃபோனிலும் வரிசையாகத் தெரியும். அந்தப் பட்டனில் ஆங்கிலத்தில் ஏதோ இருந்தது. அதை எடுத்துவிட்டு நான் தமிழில் "நான் போறேன்" என்று போட்டேன். அழுத்துகிறவர் தொட்டிக்குப் போக வேண்டும். வேறு எப்படி எழுதுவது?

தொடங்கும் நாளில் பூஜை போட்டார்கள். அந்தப் பழைய மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் பூ. முதலாளி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இதென்ன அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா 'நான் போறேன்'னு எழுதி வெச்சிருக்கற? ஊட்டை உட்டுக் கெளம்பறப்ப யாராச்சும் 'போறேன்'னு சொல்லுவாங்களா? 'வர்றேன்'னுதானே சொல்லோணும்?"

"தொட்டிக்குப் போறதைத்தான் சார் சொல்லுது. 'வர்றேன்'னு போட்டா எங்கே வர்றதுன்னு கேப்பாங்க."

"அதுக்காக? நாலு பேரு ஃபோன்ல தெனமும் 'நான் போறேன், நான் போறேன்'னு வந்துட்டிருந்தா நல்லாவா இருக்குது? கருமம்."

மேனேஜர் உடனே உள்ளே புகுந்தார். "பேசாம 'சரிங்க'ன்னு போட்டுடுங்க. மொதலாளிக்கும் போற மெசேஜு. மரியாதையாவும் இருக்குமுங்க."

"சரிங்கன்னா பார்த்துட்டேன்னு அர்த்தமா, போறேன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"சரிங்கன்னா சரிங்கதானுங்க."

"அப்ப ரெண்டு பட்டன் வைக்கிறேன். ஒண்ணு பார்த்ததுக்கு, ஒண்ணு போறதுக்கு."

"ரெண்டு பட்டன் வெச்சா நம்மாளுகளுக்குக் கொழம்புமுங்க. சரிங்கன்னு சொல்லிப்போட்டு போகாம இருப்பாங்களா?" அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் தெரிந்தது. அவருடைய சொந்த ஊர்க்காரர்களையே நான் திட்டிவிட்டது போல.

"நம்மூருல சரிங்கன்னா சத்தியம் அம்மிணி" என்றார் முதலாளி. அத்துடன் பேச்சு முடிந்தது. யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் அந்த சாஃப்ட்வேரின் பெருமை. அவர்கள் மாற்றியது ஒரே ஒரு சொல்லை.

முதலில் ஒழுங்காகத்தான் போனது. போகப் போக ஒன்று கவனித்தேன். ஒருவர் அழுத்திச் சத்தம் நின்ற பிறகும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து "சரிங்க" அழுத்திவிட்டுப் போனார்கள். முதலாளி பார்க்கும் இடமாயிற்றே! நாம் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதைக் குறைவு. காலை வணக்கம் படத்துக்குக் கீழே கும்பிடு போடுவார்களே, அதைப் போல ஆகிவிட்டது.

சந்தேகமாக இருந்தது. ஒரு நாள் சோதித்தேன். யாரிடமும் சொல்லாமல் தொட்டி நிறைந்ததாக ஒரு தகவலை அனுப்பிவிட்டுத் தொட்டிப் பக்கத்தில் போய் நின்றேன். என் கையில் இருந்த ஃபோனில் சரிங்க, சரிங்க, சரிங்க என்று வரிசையாக வந்தது. தொட்டிப் பக்கம் ஒரு நாய்கூட வரவில்லை. நேராக மேனேஜரிடம் போய்க் காட்டினேன்.

"டெஸ்ட்டுன்னு தெரிஞ்சிருக்குமுங்க, அதான் வரல" என்றார்.

"நான் சொல்லவே இல்லையே, எப்படித் தெரியும்?"

"உடுங்க. அல்லாரும் மரியாதையா பதில் போட்டிருக்காங்கல்ல."

இதற்கு மேல் என்ன சொல்ல? சொன்னேன், இன்னும் இரண்டு முறை. "அந்தப் பொண்ணு எப்பப் பாத்தாலும் சண்டைக்கு நிக்குது" என்று ஆபீசில் பேர் வந்ததுதான் மிச்சம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் பேத்திக்கு வெள்ளகோவிலில் ஒரு மண்டபத்தில் காது குத்து. பட்டறை ஆட்கள் எல்லாரையும் பந்தி வேலைக்கு அழைத்துக்கொண்டார்கள். ஒரு அவசர ஆர்டர் இருந்ததால் சாய மிஷின்கள் மட்டும் ஓடின. அதைப் பார்த்துக்கொண்டவர்கள் வடக்கே இருந்து வந்த பையன்கள். கழிவுநீர் ஆப்பரேட்டரையும் மேனேஜர் வண்டியில் ஏற்றிவிட்டார். "தொட்டி நெறஞ்சா ஃபோன்தான் அடிக்குமே, ஆளு எதுக்குங்க" என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. ஆளைக் கூப்பிடுவதற்காக நான் வைத்த சாமான், ஆளே வேண்டாம் என்பதற்குச் சாக்கு ஆகிவிட்டது.

எனக்கு அழைப்பு இல்லை. அதுபற்றி வருத்தமும் இல்லை. வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. சைரன் இல்லை, சாதாரண மணி. அக்கா பேசினார்.

"கண்ணு, வாய்க்கால்ல தண்ணி ஊதாவா வருது. அங்க ஒருத்தரும் இல்ல. கேட்டுல கத்துனேன், அந்தப் பசங்களுக்கு நான் பேசறது வெளங்கல. மாட்டை அக்கட்டால புடிச்சுக் கட்டிட்டேன். கெணத்துப் பக்கம் போகுது கண்ணு."

ஃபோனைத் திறந்து பார்த்தேன். தகவல் எப்போதோ வந்திருந்தது. தொட்டி நிறைந்துவிட்டது என்று தெளிவாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே முதலில் மேனேஜர், சரிங்க. அப்புறம் ஆப்பரேட்டர், சரிங்க. அப்புறம் வரிசையாக எல்லாரும். கடைசியில் முதலாளியே சரிங்க போட்டிருந்தார்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். பின்னால் மேளச் சத்தமும் இலை எடுக்கிற சத்தமும் கேட்டன.

"சரிங்கன்னு போட்டுட்டனேங்க" என்றார் எடுத்தவுடன்.

"போட்டீங்க. போனீங்களா?"

"இல்லீங்க, நான் பாத்துட்டேன்னு போட்டனுங்க. மொதலாளி பக்கத்துல நின்னுட்டிருந்தேன், சத்தம் பெருசாக் கேட்டுது, அமுத்திட்டேன். ஆப்பரேட்டரும் போட்டாப்லயேங்க, அவரு போயிருப்பாரு."

"ஆப்பரேட்டர் எங்கே?"

"இங்கதானுங்க, ரசம் ஊத்திட்டிருக்காரு."

ஃபோன் கை மாறியது. ஆப்பரேட்டர் என் ஊர்ப் பக்கத்து ஆள். "மேனேஜர் சாரே சரிங்கன்னு போட்டுட்டாவ, அவியதான் ஆளு அனுப்பியிருப்பாவன்னு நெனச்சேன். நான் அதுக்குமேல பேசுனா அதிகப்பிரசங்கின்னு சொல்லுவாவல்லா."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். பட்டறைக்குள் ஓடி முதலில் மிஷின் பையன்களிடம் கையைக் காட்டி சாயத் தண்ணீரை வெளியே விடுவதை நிறுத்தச் சொன்னேன். பம்ப் கரண்ட் ஏறி இறங்கியதில் நின்று போயிருந்தது. சுவிட்சை மறுபடி போட்டால் போதும். அவ்வளவுதான் வேலை. ஒரு மனிதன் நடந்து வந்து ஒரு சுவிட்சைப் போட்டிருந்தால் போதும்.

தோட்டத்துக்குப் போனேன். அக்கா வாய்க்காலின் குறுக்கே சாக்கில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். சேலை முழங்கால் வரை நேவி ப்ளூ. கையும் நேவி ப்ளூ. மண் நிற்கவில்லை, கரைந்துகொண்டே போனது. நானும் அள்ளிப் போட்டேன். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். தண்ணீர் கிணற்றின் சுவரில் ஒரு பட்டை போல வழிந்து உள்ளே இறங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வானம் தெரிகிற தண்ணீர் அது. அன்றைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

மோட்டார் ரூமில் நான் வைத்த பெட்டியின் பச்சை விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காவலுன்னு சொன்னயே கண்ணு" என்றார் அக்கா. திட்டவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மறுநாள் முதலாளி அறையில் பேச்சு. மேனேஜர் சுவர் ஓரமாக நின்றார். "ஓசியில கெடைக்கறதுக்கு இவ்வளவுதான் தரம். இதுக்குத்தான் காசு குடுத்து வாங்கோணும்ங்கறது" என்றார் முதலாளி. காசு கொடுத்து வாங்கியதை நிறுத்தச் சொன்னதே அவர்தான்.

"சார், அது சொல்லுச்சு. நேரத்துக்குச் சொல்லுச்சு. நீங்க எல்லாரும் பதிலும் சொன்னீங்க. போகத்தான் இல்லை" என்றேன்.

"எதுத்துப் பேசாத அம்மிணி."

ஆப்பரேட்டரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் இன்றைக்கும் மேனேஜர்.

அந்த வாரமே ஒரு கம்பெனியிலிருந்து ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். பெரிய திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினார். நான் செய்து வைத்திருந்ததைத்தான் காட்டினார், கொஞ்சம் பளபளப்பாக. எல்லாம் முடிந்ததும், "ஆள் அழுத்துற பட்டன்ல உங்க மொழியிலயே என்ன வேணும்னாலும் போட்டுக்கலாம் சார், என்ன போடட்டும்?" என்று கேட்டார்.

முதலாளி யோசிக்கவே இல்லை. "சரிங்கன்னே போட்டுருங்க. நம்மாளுகளுக்கு அதுதான் பழக்கம்."

நான் எழுந்தேன். சர்வர் ரூம் சாவியை மேசையில் வைத்தேன்.

"எங்க அம்மிணி?"

"நான் போறேன் சார்" என்றேன்.

அறையில் எல்லாரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். கிணறு பாழானபோது வராத அதிர்ச்சி அந்த ஒரு சொல்லுக்கு வந்தது. "வர்றேன்னு சொல்லுங்க" என்று மேனேஜர் பின்னாலேயே முணுமுணுத்தார். நான் சொல்லவில்லை.

கிணற்றைப் பல முறை இறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஊற்றுத் தண்ணீரோடு நிறமும் லேசாகத் திரும்ப வந்தது. மேனேஜர் ஒரு தட்டில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனாராம். தனியாக பைப் போட்டு நல்ல தண்ணீர் கொண்டுவந்து தருகிறோம் என்று சொன்னாராம். அக்கா "சரிங்க" என்றாராம். பைப் இன்னும் வரவில்லை. புகார் கொடுக்கலாம், மனுவை நானே எழுதுகிறேன் என்றேன். "வேண்டாங் கண்ணு. ஒறம்பரைக்குள்ள. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவிய மொகத்துலதான முழிக்கோணும்" என்று முடித்துவிட்டார். மாடுகளை விற்றுவிட்டார். குடிக்க லாரித் தண்ணீர் வாங்குகிறார். தென்னை மட்டும் எப்படியோ நிற்கிறது.

போன மாதம் போயிருந்தேன். பெட்டியை இன்னும் யாரும் கழற்றவில்லை. ப்ளக்கைப் பிடுங்கி அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "மொதல்ல நீ என்னமோ எழுதியிருந்தயாமா, அவிய மாத்தச் சொல்லிட்டாங்களாமா?" என்று கேட்டார். சொன்னேன். அக்கா கிணற்றுப் பக்கம் திரும்பினார். "அதையே உட்டிருக்கலாம். யாராச்சும் ஒருத்தரு போகோணுமில்ல" என்றார்.

இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். அதே இலவச சாஃப்ட்வேர்தான், அதே மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர்தான். வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட்டேன், பட்டனில் இருக்கும் சொல்லை யாரும் மாற்றக் கூடாது என்று. அபசகுனம் என்று இங்கேயும் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். போறேன் என்று சொன்னதால் ஒரு வீட்டிலும் கெட்டது நடந்து நான் பார்த்ததில்லை. யாருமே போகாததன் நிறம் மட்டும் அந்தக் கிணற்றுச் சுவரில் இன்னும் இருக்கிறது.